பட்டத்துக்கு ஈடு வீட்டுப் பத்திரமா?

சென்ற மாதம் ஒரு நாள், இரவு ஷிப்டு முடிந்த கையோடு ஒரு தொழிலாளி நமது சங்க ஆபீசுக்கு வந்தார். நூற்பாலையில் சைடராக 22 வருஷ சர்வீஸ் உள்ளவர். பைக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகன் இஞ்சினீயரிங் முடித்துவிட்டான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாங்கியில் 40 லட்சம் கடன். ஈடாகக் குடியிருக்கும் வீடும், மைத்துனரின் ஒன்றரை ஏக்கரும். “கையெழுத்துப் போடலாமா, தோழரே?” என்று கேட்டார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள் நாம். போனஸ் கணக்குத் தெரியும், பஞ்சப்படிக் கணக்குத் தெரியும். வெளிநாட்டுப் படிப்பின் கணக்கு நமக்குப் புதிது. இரண்டு இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அதைத் தொழிலாளித் தோழர்கள் எல்லோர் முன்னும் வைக்கிறோம்.

ஒரு ஆஸ்திரேலிய டாலர் 55 ரூபாய் என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். பையனின் காகிதத்தில் கண்ட கட்டணம் வருஷத்துக்கு 40,000 டாலர். அதாவது 22 லட்சம். பெயர் பெற்ற பெரிய பல்கலைக் கழகங்களில் இதைவிட அதிகம். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு வருஷத்துக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் அந்த சர்க்கார் விதித்தது. அது 16 லட்சத்துக்கு மேல். விசா மனுவுக்கு மட்டும் கட்டணம் 2,000 டாலர். 2024 ஜூன் வரை இது 710 டாலராக இருந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஏற்றினார்கள். மனு தள்ளுபடியானால் பணம் திரும்ப வராது. 2025-26-ல் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளி இந்த மனுக் கட்டணத்தை அடைக்க 327 நாள் மண் வெட்ட வேண்டும்! இது வாசலைத் தட்டுவதற்கான கூலிதான். கதவு திறக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

“பையன் அங்கே பகுதிநேர வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடுவான்” என்று ஏஜெண்டு சொன்னாராம். பார்ப்போம். கல்லூரி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். 2025 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ஒரு மணி நேரமும் விடாமல் உழைத்தாலும் வாரத்துக்கு 599 டாலர். மேலே சொன்ன சாப்பாட்டு, வாடகைச் செலவை வாரக் கணக்கில் வகுத்தால் 571 டாலர். மிச்சம் 28 டாலர்! பையன் உழைப்பது அவன் வயிற்றுக்குச் சரியாகப் போகும். கடன் முழுசாக அப்படியே நிற்கும். 40 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் மாதம் 36,000 ரூபாய்க்கு மேல். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தக் கூலியாவது ஒழுங்காகக் கைக்கு வருகிறதா? 2015-ல் ஆஸ்திரேலியாவின் ‘செவன் லெவன்’ கடைகளின் வண்டவாளம் வெளிவந்தது. இரவு பகலாகக் கல்லாவில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். 40 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு 20 மணி நேரம் என்று கணக்கெழுதினார்கள். எதிர்த்துக் கேட்டவனிடம், “சட்டத்தை மீறி அதிக நேரம் வேலை செய்தாய், காட்டிக் கொடுத்தால் உன் விசா போகும்” என்று மிரட்டினார்கள். மஸ்டர் ரோலில் ஒன்று, மில்லுக்குள் ஒன்று என்று பார்த்த நமக்கு இது புரியாதா? விஷயம் நாடறிந்த பிறகு கக்க நேர்ந்த கூலிப் பாக்கி 15 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கட்டணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1950 ஜனவரியில் கொழும்பு நகரில் காமன்வெல்த் மந்திரிகள் கூடிப் போட்ட ‘கொழும்புத் திட்டத்தின்’ கீழ் ஆசிய நாட்டு மாணவர்களை ஆஸ்திரேலியா தன் செலவில் அழைத்துப் படிக்க வைத்தது. ஆசியாவில் கம்யூனிஸம் பரவிவிடுமே என்ற பயமும் அந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம். நமது பெயரால் யாரோ படித்தார்கள், சந்தோஷம்தான். 1974-ல் விட்லம் சர்க்கார் பல்கலைக் கழகக் கட்டணத்தையே ஒழித்தது. பிறகு காற்று மாறியது. 1980-ல் வெளிநாட்டு மாணவர்மீது தனிக் கட்டணம் விழுந்தது. 1985-ல் முழு விலைக்கே இடம் விற்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். கொடுத்தது லேபர் கட்சி சர்க்கார்! இரும்புத் தாது, நிலக்கரி, எரிவாயு வரிசையில் கல்வியையும் ஏற்றுமதிச் சரக்காகவே இன்று கணக்கெழுதுகிறார்கள். சிட்னி, மெல்போர்ன் பல்கலைக் கழகங்களில் பத்து மாணவரில் நாலு பேருக்கு மேல் வெளிநாட்டார். சர்க்கார் கையை இழுத்துக் கொண்ட இடத்தில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பணம் போய் நிற்கிறது.

அந்த நாட்டுப் பிள்ளைகளும் 1989 முதல் கட்டணம் கட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் படித்து முடித்து, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். 2025-ல் அவர்கள் கடனில் 20 சதவீதத்தை அந்த சர்க்கார் தள்ளுபடியும் செய்தது. அது நியாயமே. நம் பையன் விஷயமோ வேறு. வாசல்படி ஏறுமுன்பே பணத்தைக் காட்ட வேண்டும். 2020-ல் கொரோனா வந்து கடைகள் அடைத்தபோது, வேலையிழந்தோருக்குக் கொடுத்த சம்பள உதவியில் இந்த மாணவர்களைச் சேர்க்கவில்லை. சொந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் ஊர் திரும்பலாம் என்று பிரதமர் ஸ்காட் மாரிசன் வழிகாட்டினார். அவர்கள் இலவச உணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

நம் சர்க்கார் என்ன செய்கிறது? தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க மத்திய சர்க்காரின் உதவித் தொகைத் திட்டம் ஒன்று 1950-களிலிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு மொத்த இடம் 125. அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகிய இரு சாராருக்கும் சேர்த்து எத்தனை? நாலு! காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை நாலு இடம். சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி உதவி தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தை 2022-23 முதல் நிறுத்தியும் விட்டார்கள்.

தொழிலாளி மகன் கடல் கடந்து போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மில் முதலாளி மகன் போகலாம், சைடர் மகன் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பாங்கிக் கடனில் தகப்பனும் கடனாளி. படிப்பு நடக்கும்போதே வட்டி ஏறுகிறது. படித்து முடிக்கும்வரை வட்டியைச் சர்க்கார் ஏற்க வேண்டும். குடியிருக்கும் வீட்டை ஈடு கேட்கக் கூடாது. இதை நம் சங்கங்கள் கோரிக்கையாக எழுப்பத் தாமதம் செய்துவிட்டன என்பதையும் ஒப்புக் கொள்கிறோம்.

அந்தத் தோழரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். இந்தப் படிப்பை முடித்த சென்ற வருஷத்து மாணவர் இரண்டு பேரோடு பேச முடியுமா? நடுவில் நின்றால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? ஏஜெண்டுக்குப் பல்கலைக் கழகம் கொடுக்கும் கமிஷன் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்கச் சொன்னோம்.

போய்க் கேட்டிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கு ஏஜெண்டு சிரித்துவிட்டு டீ வரவழைத்தாராம். அதற்குப் பிறகு மூன்று தடவை போன் வந்துவிட்டது. காகிதம் இன்னும் வரவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.