கல்லூரிப் பற்று யாருக்குரியது?

முன்னைய ஆட்டக்காரர் கல்லூரியின் பெயருக்காக ஆடினர் என்றும், இன்றைய ஆட்டக்காரர் காசுக்காக ஆடுகின்றனர் என்றும், அதனாற் கல்லூரிப் பற்று மாண்டுபோயிற்று என்றும் ஒரு புலம்பல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்லூரி உதைபந்தாட்ட இரசிகரிடையே அண்மைக் காலமாக ஓங்கி ஒலிக்கின்றது. இப்புலம்பலுக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்பதும், பழைய ஆட்டக்காரரைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டே அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை இது மூடிமறைக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். கடல் கடந்த நாடொன்றின் விளையாட்டைப் பற்றி இங்கு எழுதுவானேன் என்று வினவுவோர் இருக்கக்கூடும். பெருஞ்சமர் நாட்களிலே கல்லூரிக் கொடியைப் பிடித்துத் தொண்டை வற்றக் கத்திவிட்டே நம்மிற் பலர் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தோம். அங்கு பேருருவாகத் தோன்றுவது இங்கும் சிற்றுருவிலே உண்டு. அதனை இறுதியிற் காண்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். நாம் உதைபந்தாட்டம் என வழங்குவது வேறு, இது வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை உடலால் மோதி வீழ்த்துவதும் இதன் இயல்பு. 1869 நவம்பர் 6ஆம் திகதி றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர் மோதி, றட்கேர்ஸ் 6–4 என்ற கணக்கில் வென்றதே கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற முதலாவது உதைபந்தாட்டமாகக் கொள்ளப்படுகின்றது. அன்று ஆடிய முறை இன்றைய முறையன்று. அன்று மாணவர் தாமாகவே கூடி ஆடினர். இன்று மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் அரங்கிலே மட்டும் ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது பெருவணிகமாக வளர்ந்துவிட்டது.

இவ்வணிகத்தின் உயிர்நாடி கல்லூரிப் பற்றே. அப்பற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1922 ஜனவரியில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் கல்லூரி அணி டலஸ் நகரில் ஆடியபோது அதன் ஆட்டக்காரர் பலர் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றனர். பார்வையாளராக வந்திருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்றுநர் அழைத்தார். அவரும் காயமுற்ற ஒருவரின் சீருடையை அணிந்து, ஆட்டம் முடியும்வரை மைதான ஓரத்திலே ஆயத்தமாக நின்றார். களமிறங்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. ஆயினும், அழைத்தால் வருவேன் என்று நின்ற அந்த நிலையே பன்னிரண்டாவது ஆட்டக்காரன் என்னும் மரபாயிற்று. அக்கல்லூரியின் மாணவர் இன்றும் ஆட்டம் முழுவதும் எழுந்து நின்றே பார்க்கின்றனர். இம்மரபை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. பிறனுக்காக நிற்றல் உயர்ந்த பண்பே. ஆனால், எழுந்து நிற்கும் அக்கூட்டம், களத்தில் விழுந்தவனுக்காகவும் நின்றதா என்பதே எமது வினா.

பழையது பொற்காலம் என்போர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1905ஆம் ஆண்டளவில் களத்திலே இளைஞர் மடிவது பெருகியமையால், ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. பின்னர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்பு உருவானது அந்நெருக்கடியின் விளைவாகவே. 1929இல் காணெகி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆராயப்பட்ட கல்லூரிகளுட் பெரும்பாலானவை ஆட்டக்காரருக்கு ஏதோவொரு வகையில் மறைமுகமாக உதவி வழங்கிவந்தமையை அம்பலமாக்கிற்று. ஆகவே, காசு நேற்று நுழைந்த ஒன்றன்று. அன்று மேசைக்குக் கீழே கைமாறியது இன்று மேசைமேல் வைக்கப்படுகின்றது, அவ்வளவே.

மேசைக்குக் கீழே சென்றதும் ஆட்டக்காரருக்கு வேண்டியபோது கிட்டவில்லை. 1955இல் கொலறாடோ மாநிலத்தின் போட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய றே டெனிசன் என்பார் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் நட்டஈடு கோரி அவருடைய மனைவி வழக்காடினார். கல்லூரி உதைபந்தாட்டத்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று கூறி, மாநில உயர் நீதிமன்றம் 1957இல் அக்கோரிக்கையை நிராகரித்தது. இத்தகைய வழக்குகளுக்கு அரணாகவே ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் சொற்றொடர் அந்நாட்களிற் புழக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அச்சங்கத்தை 1951 முதல் 1988 வரை நிருவகித்த வோல்ரர் பையேர்ஸ், 1995இல் வெளியிட்ட தமது நூலிலே அச்சொற்றொடர் பிறந்த கதையைத் தாமே ஒப்புக்கொண்டார். மாணவன் என்ற மேலான பெயர், தொழிலாளிக்குரிய உரிமையை மறுப்பதற்கான கருவியாயிற்று. 1974இல் அலபாமா அணிக்கெதிரான ஆட்டத்தில் உடல் செயலிழந்த கென்ற் வோல்ட்றெப் என்ற ஆட்டக்காரரின் கோரிக்கையை 2000ஆம் ஆண்டிலே ரெக்சாஸ் நீதிமன்றமும் அவ்வாறே தள்ளியது. அவர் கல்லூரியின் பெயருக்காகவே ஆடினார். பெயர் கல்லூரிக்கு நிலைத்தது. சக்கர நாற்காலி அவருக்கு எஞ்சிற்று.

பழைய ஆட்டக்காரரை நினைவுகூர்தல் என்பது யாது என்பதற்கு ஜாக் ட்றைஸ் என்ற இளைஞனின் கதையே தக்க சான்று. அயோவா மாநிலக் கல்லூரியின் முதலாவது கறுப்பின விளையாட்டு வீரர் அவர். கால்நடை வளர்ப்பியல் கற்றவர். 1923 அக்டோபர் 6ஆம் திகதி மினசோட்டா பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடுகையில், ஆரம்பத்திலேயே அவரது காறை எலும்பு முறிந்தது. அதனைப் பொருட்படுத்தாது தொடர்ந்து ஆடியவர் பின்னர் கீழே விழுந்து பலராலும் மிதிபட்டார். இரு நாட்களின் பின் உட்காயங்களால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21. ஆட்டத்துக்கு முதல்நாளிரவு அவர் எழுதிய கடிதமொன்று சட்டைப்பையிற் கிடந்தது. தம் இனத்தினதும் குடும்பத்தினதும் தம்முடையதும் மானம் நாளைய ஆட்டத்திலே தங்கியுள்ளது என்ற கருத்தை அதில் அவர் எழுதியிருந்தார். வெள்ளையருக்கு அது ஓர் ஆட்டம். அவருக்கோ மனிதனாக மதிக்கப்படுவதற்கான தேர்வு.

இறுதிக் கிரியைக்கு ஆயிரக்கணக்கானோர் கூடினர். பின்னர் கல்லூரி அவரை மறந்தது. பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நினைவுத் தகடு மட்டும் இருந்தது. அரை நூற்றாண்டின் பின், 1970களில், அப்பல்கலைக்கழக மாணவர் அவரது வரலாற்றைத் தேடியெடுத்துப் புதிய அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டுமாறு போராடினர். நிருவாகம் இழுத்தடித்தது. 1984இல் மைதானத்துக்கு மட்டும் அவர் பெயர் கொடுத்துச் சமாளித்தது. மாணவர் தலைமுறைகள் மாறினும் கோரிக்கை மாறவில்லை. 1997இல் அரங்கம் முழுவதும் ஜாக் ட்றைஸ் அரங்கமாயிற்று. அவரது ஆட்டத்தைக் கண்ணாற் காணாத மாணவர், அவருக்காக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடினர். கல்லூரிப் பற்று என்று ஒன்று உண்டாயின் அது இதுவே என்பேன்.

இதற்கு எதிரான பற்றும் உண்டு. 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் பதினால்வர், எதிரணிப் பல்கலைக்கழகத்தை நடத்திய திருச்சபை கறுப்பினத்தவருக்குக் குருத்துவத்தை மறுத்தமையைக் கண்டித்துக் கையிற் கறுப்புப் பட்டி அணிய விரும்பினர். அதுபற்றிப் பேசச் சென்ற பதினால்வரையும் பயிற்றுநர் அணியிலிருந்து விலக்கினார். பல்கலைக்கழகம் அவர்களிடம் மன்னிப்புக் கோர ஐம்பது ஆண்டுகள் சென்றன. 2019இலேதான் அது நிகழ்ந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் றெஜி புஷ், 2005ஆம் ஆண்டின் மிகச்சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். தரகரிடமிருந்து அவரும் குடும்பத்தினரும் உதவி பெற்றனர் என்பதற்காக 2010இல் அவ்விருதை இழந்தார். அவரது பல்கலைக்கழகமும் அவரோடான தொடர்பை முறித்துக்கொள்ளப் பணிக்கப்பட்டது. ஆட்டக்காரர் பணம் பெறுவது முறையானதான பின்னர், 2024இல் விருது மீள வழங்கப்பட்டது. அவர் ஓடிய ஓட்டம் மாறவில்லை. அதனைக் குற்றமாக்கிய விதியே மாறிற்று.

எதிர்வாதிகளின் கூற்றில் உண்மையே இல்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. இன்று ஆட்டக்காரர் ஆண்டுதோறும் கல்லூரி மாறுகின்றனர். பணம் மிகுந்த கல்லூரிகள் வலுப்பெறுகின்றன. நான்கு ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்து, ஒரே கொடியின்கீழ் ஆடியவனிடம் தோன்றும் நெருக்கம் அருகி வருகின்றது. இழப்பு இழப்பே. ஆனால் அவ்விழப்புக்கான பழியை ஆட்டக்காரன் தலையிற் சுமத்துவது முறையா? பயிற்றுநர்கள் உயர்ந்த சம்பளத்தை நாடிக் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவியபோது பற்று மாண்டதாக எவரும் ஒப்பாரி வைக்கவில்லை. பன்னிரண்டாவது ஆட்டக்காரனின் மரபைப் போற்றும் அதே ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம், 2023 நவம்பரில் தன் பயிற்றுநரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் செலுத்த வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டொலருக்கும் அதிகம். அணியை விட்டுப் போவதற்கு ஏழரைக் கோடி! அதனைத் தாங்கிய பற்று, அடிபடும் பத்தொன்பது வயதுப் பையன் ஊதியம் கேட்டதும் மாண்டுவிடுமாயின், அது முன்னரே நோயுற்றிருந்தது என்பதே பொருள்.

2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்திருந்த வரையறைகள் சட்டவிரோதமானவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, கல்லூரிகள் தம் விளையாட்டாளருடன் வருமானத்தை நேரடியாகப் பகிரலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 இலட்சம் டொலர். முன்னாள் ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் பத்தாண்டுகளிற் பகிரப்படும். ஆனால் அது 2016 முதல் ஆடியோருக்கு மட்டுமே உரியது. அதாவது, பொற்காலத்தார் என்று இரசிகர் புகழும் பழைய ஆட்டக்காரருக்கு ஒரு சதமும் இல்லை. அவர்களின் புகழைப் பேசும் நாக்குகளுள் எத்தனை இவ்வநீதியைப் பேசின?

பணத்தைக் காட்டிலும் பெரிய கடனும் உண்டு. 2017இல் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர், குடும்பத்தினர் கையளித்த இறந்த ஆட்டக்காரரின் மூளைகளை ஆராய்ந்தனர். கல்லூரி மட்டத்துடன் ஆட்டத்தை முடித்துக்கொண்டவர் 53 பேரில் 48 பேரிடம், தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதுடன் தொடர்புற்ற மூளைச் சிதைவு நோய் காணப்பட்டது. நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கையளிப்பதனால், இவ்வீதத்தை ஆடிய அனைவருக்கும் பொருத்துதல் தவறாகும். எனினும், கைதட்டல் ஓய்ந்தபின் சில வீடுகளில் என்ன நிகழ்ந்தது என்பதை இது காட்டுகின்றது. நினைவிழந்துபோன ஒருவரின் நினைவாகக் கூடிக் களிப்பதில் உள்ள கொடுமையைக் கல்லூரிப் பற்றாளர் சிந்திப்பாராக.

இனி நம்மிடம் வருவோம். நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம். எமக்கு இரு வகுப்பு மேலே ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய ஆண்டில், இன்னொரு பெருஞ்சமர் ஆடிவிட்டு எழுதலாம் என்று அவரைப் பெரியோர் பலர் இணங்கவைத்தனர். அச்சமரில் ஐந்து விக்கெற்றுக்களை வீழ்த்தினார். அவரைத் தோளிற் சுமந்து வீதிவலம் வந்தோம். சில வாரங்களிற் பயிற்சியின்போது முழங்கால் சவ்வு கிழிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்ப்பதாகக் கூறியவர்கள் கூறியதோடு நின்றனர். பரீட்சையும் கைநழுவிற்று. கடந்த ஆண்டு பெருஞ்சமரன்று, பழைய மாணவர் கூடாரத்தில் அந்த ஐந்து விக்கெற்றுக்களையும் ஒவ்வொன்றாக விவரித்து மகிழ்ந்துகொண்டிருந்தனர். அவரோ நொண்டியபடி நுழைவுச்சீட்டு வரிசையில் நின்றார். தோளிற் சுமந்தவருள் நானும் ஒருவன். பணம் கொடாதவருள்ளும் நானும் ஒருவன். இக்கட்டுரையின் கண்டனம் என்னையும் விலக்கவில்லை.

கல்லூரிப் பற்றை ஒழிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. தான் பிறந்த குடும்பத்துக்கு அப்பால் ஒரு கூட்டத்தோடு தன்னை இணைத்துக்கொள்ள இளைஞன் கற்கும் முதலிடம் கல்லூரியே. ஆனால் கூட்டம் என்பது கடமைகளின் பிணைப்பு. ஒருவனது உடலையும் காலத்தையும் தனது புகழுக்காகப் பெற்றுக்கொண்ட நிறுவனம், அவனது கல்விக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் கூடாரத்துக்கும் விருந்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் காயமுற்ற ஆட்டக்காரரின் மருத்துவத்துக்கும், இடைநின்ற படிப்புக்கும் ஒதுக்குமாறு நாம் கேட்கவேண்டும். நாமும் நாளை பழைய மாணவரே. அன்று நம்மிடமும் அக்கேள்வி கேட்கப்படும்.

ஜாக் ட்றைஸின் பெயரை மீட்டெடுத்தோர் மாணவர். செல்வமோ அதிகாரமோ அவர்களிடம் இருக்கவில்லை. மறக்க மறுத்தல் என்ற ஒன்றே அவர்களிடம் இருந்தது. அது நம்மிடமும் உண்டா என்பதை அடுத்த பெருஞ்சமரின் ஆரவாரம் அடங்கிய மறுநாட் காலையிலே தெரிந்துகொள்ளலாம்.