திராட்சை மருந்து: சொல் மாறினால் பணம் போகும்



2010-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன திராட்சைச் சரக்குகள் அங்கே நிராகரிக்கப்பட்டன. பழத்தில் குறை இல்லை. கொடி வளர்ச்சியை மட்டுப்படுத்தத் தெளித்த குளோர்மெக்வாட் குளோரைடு மருந்தின் எச்சம், ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. நம் நாட்டுப் பரிசோதனைப் பட்டியலில் அந்த மருந்தே அப்போது இல்லை. வாங்குபவரின் விதி தோட்டம் வரை வந்து சேராததால், நஷ்டம் விவசாயி தலையில் விழுந்தது.

விதியைக் கொண்டு சேர்ப்பவருக்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, கொடியும் தெரிய வேண்டும். ஸ்பானிய மொழியில் 'யேமா' என்றால் கொடியின் மொட்டு. முட்டையின் மஞ்சள் கருவும் அதுவே. ஸ்பெயின் விவசாயியும் நெதர்லாந்து வணிகரும் பேசும்போது, திராட்சை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது இதனால்தான்.

"நம்ம பன்னீர் திராட்சை உள்ளூர்ச் சந்தைக்குத்தானே போகுது" என்று தொண்டாமுத்தூர் பக்கத்து விவசாயிகள் நினைக்கலாம். சொல் குழப்பம் நம் தோட்டத்திலும் உண்டு. சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் நோய் வேறு. கடையில் முன்னதைப் 'பவுடரி' என்பார்கள், பின்னதை 'டவுனி' என்பார்கள்.

இலையின் மேற்புறத்திலும் காய்களிலும் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். இதற்கு நனையும் கந்தகம். மேற்புறத்தில் எண்ணெய்ப் பசை போன்ற மஞ்சள் புள்ளியும், அதன் நேர் கீழே அடிப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சையும் தெரிந்தால் அடிச்சாம்பல். இதற்கு 1 சத போர்டோ கலவை. கைபேசி மொழிபெயர்ப்பு இரண்டையும் வெறும் 'பூஞ்சை' என்று சொல்லிவிட்டால், மருந்து மாறி மகசூல் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* நோயின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பாதித்த இலையை இருபுறமும் படம் எடுத்துக் காட்டுங்கள்.
* மருந்துடன் வரும் துண்டறிக்கையில் வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. தமிழில் கேட்டு வாங்குங்கள்.
* தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களை அதில் பார்த்து, தெளித்த தேதியுடன் நோட்டில் எழுதி வையுங்கள்.
* சந்தேகம் இருந்தால் தெளிக்கும் முன்பே கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேளுங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையும் அணுகலாம்.

ஏற்றுமதிக்குக் கொடுப்பவர்கள், வாங்கும் நாட்டின் எச்ச வரம்புப் பட்டியலைக் கவாத்துக்கு முன்பே வியாபாரியிடம் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பிறகு கேட்டால், தெளித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.