ஐந்து நாளில் என்ன கற்கலாம்?

எங்கள் சபரகமுவப் பகுதியில் 'பங்கு' என்னும் சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாணிக்கக் குழியொன்று தோண்டப்படும்போது, நிலத்துக்குரியவனுக்கு ஒரு பங்கு, அனுமதிப் பத்திரம் பெற்றவனுக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரம் தந்தவனுக்கு ஒரு பங்கு, குழியில் இறங்கி மண்ணை வெட்டிக் கழுவுவோருக்கு ஒரு பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இங்கு நெடுநாள் வழக்கம். கல் அகப்பட்டால் யாவருக்கும் உண்டு. அகப்படாவிடின் யாவருக்கும் இல்லை. இரத்தினபுரியிலிருந்து றக்வான வரை இதனைச் சிறு பிள்ளையும் அறியும்.

அதே மண்ணின் மேலேதான் தேயிலையும் நிற்கிறது. ஆனால் தேயிலை மலையில் ஏறியதும் 'பங்கு' என்ற சொல் மறைந்து 'பேர்' என்ற சொல் வந்துவிடுகிறது. இன்று பேர் போட்டார்களா, அரைப்பேரா, முழுப்பேரா என்பதே அங்குள்ள கேள்வி. தேயிலைக்கும் பங்குகள் உண்டு. அவை கொழும்புக் கோட்டையில் வாங்கவும் விற்கவும்படுகின்றன.

இதனை இவ்வாரம் எழுத நேர்ந்தது ஒரு தந்தையின் கேள்வியினால். என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கும் மாணவி ஒருத்திக்கு, கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கியில் ஐந்து நாள் இருந்து அலுவல்களைக் கண்டுவரும் வாய்ப்புக் கிடைத்தது. அது உத்தியோகம் அன்று. பயிற்சி என்பதும் மிகையே. இருந்து பார்த்தல், கேட்டல், திரும்பி வருதல், அவ்வளவுதான். அவளுடைய தந்தையார் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். "அஞ்சு நாளையில என்னாங்க ஐயா படிச்சிட முடியும்? சம்பளமும் இல்லையாம். பஸ் காசு, தங்குற காசு எல்லாம் நம்மதான் பாக்கணும்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை அவருக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் யாவருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில், முதலீட்டு வங்கி என்பது யாது? நகையை அடகு வைக்கவும் சேமிப்புப் புத்தகத்திற் பணம் போடவும் நாம் செல்லும் வங்கி வேறு. முதலீட்டு வங்கியின் முதன்மையான தொழில் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதன்று. பெரும்பணம் வேண்டி நிற்பவரையும் பெரும்பணம் வைத்திருப்பவரையும் சேர்த்துவைப்பதே அதன் தொழில். ஒரு கொம்பனிக்குப் புதிய தொழிற்சாலை அமைக்க 20 கோடி ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் பங்குகளை ஒவ்வொன்றும் 20 ரூபாவாக விற்றால் அத்தொகை சேரும். ஆனால் அப்பங்கு 20 ரூபா பெறுமா, 15 ரூபாதான் பெறுமா என்று கணித்துச் சொல்வது யார்? எவரும் வாங்காது எஞ்சிய பங்குகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக முன்னரே உறுதி கொடுப்பது யார்? ஒரு கொம்பனியை இன்னொரு கொம்பனி வாங்கும்போது இரு தரப்புக்கும் விலை பேசுவது யார்? இவற்றைச் செய்து அதற்குரிய கட்டணம் பெறுவோரே முதலீட்டு வங்கியாளர். கல்யாணத் தரகருக்கும் நிலத் தரகருக்கும் உள்ள சாமர்த்தியம் இவர்களுக்கும் வேண்டும். அதனோடு கணக்கும் சட்டமும் வேண்டும்.

இத்தகைய இடங்களை மாணவர் சில நாள் பார்த்துவரும் ஏற்பாடு மேல்நாடுகளில் நன்கு வேரூன்றிவிட்டது. இலண்டனிலுள்ள பெரிய முதலீட்டு வங்கிகள், பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவரை வசந்தகால விடுமுறையில் ஓரிரு வாரம் அழைக்கின்றன. முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எண் திறன் சோதனையும் நேர்முகமும் உண்டு. அந்த ஒரு வாரத்தில் நற்பெயர் எடுத்தவருக்கு அடுத்த ஆண்டின் கோடை விடுமுறையில் ஏறத்தாழப் பத்து வாரப் பயிற்சி கிடைக்கும். அதிலும் தேறியவருக்குப் பட்டம் பெற்றதும் உத்தியோகம் காத்திருக்கும். ஆகவே, பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த ஒரு வாரமே நீண்ட மாடிப்படியின் முதற்படியாகிறது. புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகளும் இப்படியில் ஏற முயல்கின்றனர்.

அப்படி யாருக்கு எட்டுகிறது என்பதே அங்கும் வழக்கு. 2016 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் சமூக முன்னேற்ற ஆணைக்குழு வெளியிட்ட ஓர் அறிக்கை, முதலீட்டு வங்கிகளின் ஆட்சேர்ப்பை ஆராய்ந்தது. திறமையுள்ள ஏழைப் பிள்ளைகள் சிலர், உடையுடன் பழுப்பு நிறச் சப்பாத்து அணிந்து வந்தமை போன்ற அற்பக் காரணங்களுக்காகவும் குறைத்து மதிப்பிடப்படுகின்றனர் என்பது அதிற் கண்ட செய்திகளுள் ஒன்று. கறுப்புச் சப்பாத்து என்பது அந்த வட்டாரத்தின் எழுதாத சட்டம். தந்தையோ மாமனோ அத்தொழிலில் இருந்தால் அது வீட்டிலேயே தெரிந்துவிடும். மற்றவருக்கு யார் சொல்வது? ஒரு துறையின் உள்ளே சில நாள் இருந்து வருவதன் முதற்பயன் இதுவே. நூலில் எழுதப்படாதவற்றை அங்குதான் காணலாம்.

எமது பிள்ளைகளுக்கோ இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அதற்குச் சிறிது சரித்திரம் பார்த்தல் வேண்டும்.

1869 முதல் இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழியத் தொடங்கி, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபோது, காடு வெட்டவும் கன்று நடவும் ஆலை நாட்டவும் துரைமாருக்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. அப்பணத்தைப் பங்குகளாகத் திரட்டும் தேவையிலிருந்தே 1896 இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் மூலம் அதுவே. அதாவது, எமது முன்னோரைக் கடல் கடந்து அழைத்துவந்த தோட்டமும், கொழும்பின் பங்கு வாணிபமும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை. ஒன்றில் நாம் நான்கைந்து தலைமுறையாக நிற்கிறோம். மற்றையதன் வாசலையும் எம்மிற் பெரும்பாலோர் கண்டதில்லை.

1975 இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1995 முதல் அக்கொம்பனிகளின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. பலாங்கொடை, ஹப்புகஸ்தென்ன, கஹவத்தை, கேகாலை என்னும் எமது மாகாணத்து ஊர்ப்பெயர்கள் பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறின. ஒவ்வொரு கொம்பனியிலும் 51 சதவீதம் பெருமுதலாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 10 சதவீதம் அங்கு உழைத்தவர்களுக்கே இலவசமாக வழங்கப்பட்டது. அந்தக் கடதாசியைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்து மறந்தோரும் உண்டு. கேட்டவருக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தோரும் உண்டு. மாணிக்கக் குழியின் பங்கை அரைக்காற் காசுக்கும் விட்டுக்கொடாத ஊரில் இது நிகழ்ந்ததற்குக் காரணம் அறிவின்மை அன்று. அக்கடதாசி எங்கே, எப்படி, எவ்வளவுக்கு மதிப்புப் பெறுகிறது என்று காட்டித் தருவதற்கு லயத்திலிருந்து ஒருவரும் அங்கு சென்று பார்த்திருக்கவில்லை.

மாணவி சென்றுவந்தாள். முதல் நாளிலேயே, உள்ளே கேட்டறிந்த இரகசியத்தை வைத்துப் பங்கு வாங்குவதோ விற்பதோ சட்டப்படி குற்றம் என்று அவளுக்குச் சொல்லிவைத்தார்களாம். ஆகவே அவள் எனக்குச் சொன்னது யாவரும் பார்க்கத்தக்க ஆண்டறிக்கைகளைப் பற்றியே. தோட்டக் கொம்பனியொன்றின் மதிப்பைக் கணிப்பது எவ்வாறு என்று அவளுக்குக் காட்டினார்களாம். செடியின் வயது, ஏக்கருக்குக் கிடைக்கும் கொழுந்து, கொழும்பு ஏலத்தில் தேயிலை பெறும் விலை, டொலரின் விலை, கடன், வட்டி, கூலி. "ஐயா, தேயிலைச் செடி சொத்துப் பக்கத்தில இருக்கு. அம்மாவோட நாட்சம்பளம் செலவுப் பக்கத்தில இருக்கு. அம்மாவுக்குப் பின்னாடி கொடுக்க வேண்டிய பணிக்கொடை கடன் பக்கத்தில இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது கணக்கியலின் ஒழுங்கேயன்றி எவருடைய வஞ்சகமும் அன்று. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு சேவை நிறைந்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோராண்டுக்கும் 14 நாட் சம்பளம் கொடுக்கப்படல் வேண்டும். அதனைக் கொம்பனி இன்றே கணித்துத் தன் பொறுப்பாகக் காட்டியாக வேண்டும். நாட்சம்பளம் உயர்ந்தால் அச்செலவும் அப்பொறுப்பும் கூடும். 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்றும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்றும் வர்த்தமானி வெளிவந்தபோது, பிரட்டுக் களத்தில் மகிழ்ச்சி. பங்குக்காரரின் கந்தோர்களிற் கவலை. ஒரே எண்ணை இரு கண்கள் காண்கின்றன. சம்பளப் பேச்சில் எதிர்த்தரப்பார் எந்தத் தாளை முன்வைத்துப் பேசுகின்றனர் என்று அறியாதவன் தன் நியாயத்தையும் அரைகுறையாகவே சொல்ல வல்லவன். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த பிள்ளை எமது பக்கத்திலும் இருத்தல் வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் பணம் ஏற்கனவே அந்த உலகத்துக்குள் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியில், தொழிலாளி தன் சம்பளத்தில் 8 சதவீதமும், வேலைகொள்வோர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். அந்நிதி பெரும்பாலும் அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலும், ஒரு பகுதி கொம்பனிப் பங்குகளிலும் இடப்பட்டது. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அதன்பின் கடனைச் சீரமைக்கும் பேச்சில் அரசுக்கு ஆலோசனை கூறியது லசார் என்னும் முதலீட்டு வங்கி. முறிகளை வைத்திருந்த வெளிநாட்டுத் தனியாருக்கு ஆலோசனை கூறியது ரொத்ஸ்சைல்ட் என்னும் இன்னொன்று. 2023 இல் உள்நாட்டுக் கடனும் சீரமைக்கப்பட்டபோது, சேமலாப நிதியின் பழைய முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. புதியவற்றின் வட்டி தொடக்கத்தில் 12 சதவீதம், பின்னர் 9 சதவீதம் என வகுக்கப்பட்டது. றக்வான மலையிற் கொழுந்து பறித்தவளின் முதுமைக்காலப் பணம் எவ்வளவு வளரும் என்பதை அந்த எண்கள் தீர்மானித்தன. அவள் அந்த எண்களைக் கேள்விப்பட்டதே இல்லை.

இதனாற் பிள்ளைகள் யாவரும் முதலீட்டு வங்கியாளராதல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தொழிலில் இரவு பகல் பாராத உழைப்பும் உண்டு. பேராசையினால் வந்த பெருவீழ்ச்சியும் உண்டு. 1850 இல் தோன்றிய லீமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 2008 செப்டெம்பர் 15 ஆம் நாள் முறிந்து விழுந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. கண்ணாடி மாளிகையைக் கண்டதும் வாய்பிளந்து நிற்கத் தேவையில்லை. அங்கிருப்போரும் கூட்டிக் கழிப்பவரே. அவர்கள் கணக்கும் பிழைப்பதுண்டு. அதைக் கண்டு அச்சம் தெளிந்து வருவதும் கல்வியின் ஒரு பகுதி.

ஆதலால், இத்தகைய வாய்ப்புப் பெறும் தம்பி தங்கையருக்கு என் வேண்டுகோள் இது. தேநீர் கொடுத்தால் குடியுங்கள்; ஆனால் கேள்வியின்றித் திரும்பாதீர்கள். இவ்விலையை யார் தீர்மானித்தார்? இக்கணிப்புப் பிழைத்தால் நட்டம் யாருக்கு? உங்கள் கட்டணம் யார் தருவது? இம்மூன்றையும் பணிவோடு கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கண்டதை அன்றிரவே தமிழில் எழுதிவையுங்கள். ஆங்கிலத்திற் கேட்டதைத் தமிழில் எழுத முடிந்தாலன்றி அது விளங்கியதாகக் கொள்ளற்க.

கொழும்புக் கந்தோர்களை நடத்தும் பெரியோருக்கும் ஒரு சொல். மடம்பை, கஹவத்தை, பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று ஊர் ஊராகக் கடந்து கொழும்பை அடையும் பிள்ளை, நாள்தோறும் போய்வர முடியாது. தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் இருப்போருக்கு ஐந்து நாள் சிறிது. ஒருவரும் இல்லாதவருக்கு அது ஒரு மாதச் செலவு. இலண்டனிற் பல வங்கிகள் இவ்வாறு வரும் மாணவருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கொடுக்கின்றன. அறிமுகமும் வசதியும் உள்ளவருக்கே கதவு திறக்குமாயின், அது திறந்த கதவு ஆகாது. பஸ் கட்டணமும் பாதுகாப்பான தங்குமிடமும் கொடுத்து, அழைப்பைத் தோட்டப் பாடசாலைகளிற் படித்தவர் கண்ணிற் படுமாறு அனுப்புவது பெரிய கொடையன்று. அச்சந்தையின் முதல் வித்து இந்த மலைகளில் நடப்பட்டது என்பதை நினைப்பவருக்கு அது கடமையாகவே தோன்றும்.

பெற்றோரே, ஐந்து நாளில் ஒரு தொழிலைக் கற்றுவிட முடியாது. ஆனால் அது எங்கே நடக்கிறது, யார் நடத்துகிறார், எந்தத் தாளில் எழுதுகிறார் என்பதைக் கண்டுவர முடியும். தன் மலையின் கணக்கு எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்றறிந்த ஒருவராவது தோட்டந்தோறும் இருத்தல் வேண்டும். அதற்கு ஐந்து நாள் நல்ல தொடக்கமே, பிள்ளையை அனுப்பிவையுங்கள்.