புதுப்பித்த பழைய கன்வர்டிபிள் கார்: மெருகை விட எண்ணுக்கே மதிப்பு

‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்ற அறிவிப்புடன் விற்பனைக்கு வரும் அரை நூற்றாண்டுப் பழைமையான ஜெர்மன் சொகுசு கார்களின் மதிப்பு, பளபளக்கும் பெயின்ட்டைவிட சேஸிஸில் பொறிக்கப்பட்ட எண்ணையே அதிகம் சார்ந்துள்ளது.

மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்இ 3.5 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 3.5 லிட்டர் வி8 என்ஜினும் 200 குதிரைத்திறனும் கொண்ட இந்த கார் 1969 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. நிலையான கூரையுடைய கூபே வகையில் 3,270 கார்களும், கூரையை மடிக்கக்கூடிய கன்வர்டிபிள் வகையில் 1,232 கார்களும் மட்டுமே உருவாயின. அதன் பின்னர் நான்கு பேர் அமரும் பெரிய சொகுசு கன்வர்டிபிளை அந்நிறுவனம் 2015-ஆம் ஆண்டில்தான் மீண்டும் அறிமுகப்படுத்தியது.

அரிதான கன்வர்டிபிளின் விலை, கூபேயின் விலையைப் போலப் பல மடங்கு அதிகம். கூபேயின் கூரையை அறுத்துக் கன்வர்டிபிளாக மாற்றி விற்கத் தூண்டுவது இந்த விலை வேறுபாடே. அசல் கன்வர்டிபிளின் சேஸிஸ் எண் 111.027 என்ற வகைக் குறியீட்டுடன் தொடங்கும். கூபேயின் குறியீடு 111.026. அசல் காரின் உடற்கூடு ஆலையிலேயே கூடுதலாக வலுப்படுத்தப்பட்டது. கூரை அறுக்கப்பட்ட காரில் அந்த வலு இருக்காது என்பதால், இது பணத்தோடு பாதுகாப்பும் சார்ந்த விஷயம்.

இந்திய விதிகளும் அசல் தன்மையையே வலியுறுத்துகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே ‘விண்டேஜ்’ என்று கருதப்படும். இறக்குமதியான வாகனங்களுக்கும் இது பொருந்தும். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாயும், மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும்.

இவ்வாறு பதிவான காரை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

துருவை நீக்குவதும், இருக்கைகளுக்குப் புதிய தோலுறை இடுவதும் காரைப் பாதுகாக்கும் பணிகள். கூரையை அறுப்பதோ அதன் அடையாளத்தையே மாற்றுவதாகும். விண்டேஜ் பதிவுக்கான தகுதியையும் அது கேள்விக்குள்ளாக்கும். எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சேஸிஸ் எண், என்ஜின் எண், பதிவு மற்றும் இறக்குமதி ஆவணங்கள், சீரமைப்பின்போது எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.