குறைமாதக் குழந்தைகளின் குடல் காக்க: தொப்பூர் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. பல குழந்தைகள் எடை குறைந்து பிறந்தவை. அதே தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் வட்டாரப் பெற்றோர்களாகிய நாங்கள், குறைமாதப் பிள்ளைகளைக் கொல்லும் நோய்களில் ஒன்றான குடல் அழுகலைத் தடுக்க இவற்றைக் கோருகிறோம்.

குடலின் ரத்தக்குழாய்களை நைட்ரிக் ஆக்சைடு விரிக்கிறது, எண்டோதீலின் சுருக்குகிறது. குறைமாதப் பிள்ளைக்கு இந்தச் சமநிலை இன்னும் கைகூடியிருக்காது. மூச்சுத் திணறினாலோ கிருமி தொற்றினாலோ குழாய்கள் சுருங்கி, ரத்தம் கிடைக்காத குடற்சுவர் கருகி, ஓட்டையே விழலாம். இதில் நாட்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

வளர்ச்சி குன்றிய கரு என்று தெரிந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டாப்ளர் ஸ்கேன் இலவசமாக, தேதி தள்ளாமல் எடுக்க வேண்டும். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் தடைபட்டால் கரு மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ரத்தம் அனுப்பும்; காய்வது குடல். பிறக்கும் முன்பே இதைக் காட்டித்தரும் கருவி இருக்கும்போது பிரசவத்துக்குப் பிறகு தெரிந்துகொள்வானேன்?

34 வாரத்துக்கு முன் வலி கண்டு வரும் தாய்க்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டெக்சாமெத்தசோன் முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரே போடலாம் என்று 2014-லேயே மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது. பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் இந்த மலிவான மருந்து குடல் அழுகலையும் குறைக்கிறது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஏன் சாலையில் தொலைக்க வேண்டும்?

தாய்க்குப் பால் சுரக்காத நாட்களில் குறைமாதப் பிள்ளைக்குப் பவுடர் பாலுக்குப் பதில் பதப்படுத்திய தானப்பால் இரவிலும் விடுமுறையிலும் கிடைக்க வேண்டும். பவுடர் பாலில் இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி திறந்தாயிற்று.

பச்சிளங்குழந்தை வார்டில் எல்லா ஷிப்டிலும் போதிய செவிலியர் வேண்டும். வயிறு உப்பிப் பளபளப்பதையும், டியூபில் பச்சையாகப் பித்தம் திரும்புவதையும், மலத்தில் ரத்தம் கலப்பதையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். ஒருவரே பல தொட்டில்களுக்கு ஓடினால் அந்தப் பச்சை நிறம் விடியும்வரை கண்ணில் படாது. காலிப் பணியிடங்களை இந்த நிதியாண்டுக்குள் நிரப்புங்கள்.

குடல் ஓட்டைக்குக் குழந்தை அறுவை மருத்துவர் வேண்டும். தருமபுரியிலேயே அவர் எந்நேரமும் கிடைக்கட்டும். அதுவரை, சேலம் போகும் பிள்ளைக்கு வெதுவெதுப்பும் ஆக்சிஜனும் உள்ள பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ் வேண்டும். சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்பது ஊரறிந்தது; அப்போது ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் ஏற்பாட்டைக் காவல்துறையும் நெடுஞ்சாலை ஆணையமும் எழுத்தில் வகுத்து, சுங்கச்சாவடியில் ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அலுவலர் யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். பதிலை அடுத்த கிராமசபையில் வாசிப்போம்.