எழுதி வைத்தால் போதுமா?

“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது நம் முன்னோர் மொழி. எதையும் முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று அது நமக்குக் கற்பிக்கிறது. ஆனால் எழுதி வைத்தும், வேண்டிய நேரத்தில் தேடி எடுக்க இயலாத கடனுக்கும் அழுகையே மிஞ்சும் அன்றோ? ஏடுகளை நிரப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தேடி வருபவர் கண்டுகொள்ளும்படி அவற்றை ஒழுங்குபடுத்துவதும் அக்கடமையின் மறுபாதி என்பதே நம் கருத்து.

பள்ளிகளில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். மாணவியர் சேர்ந்த நாளின் முறைப்படி எண் இட்டு அதில் எழுதுவார்கள். எழுதுபவருக்கு இதைவிட எளிய முறை இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மூதாட்டி வயதுச் சான்றுக்காக வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தம் பெயர் தெரியும். தந்தையார் பெயர் தெரியும். சேர்க்கை எண் தெரியாது. ஏடோ எண் வரிசையில் அமைந்தது. எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். மூதாட்டி காத்திருக்க வேண்டியதுதான்.

“கணிப்பொறி இருக்கும்போது இந்தக் கவலை ஏன்?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். வழிகாட்டி ஒன்று இல்லாவிட்டால் கணிப்பொறியும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துத்தான் பார்க்கும். நம்மைவிட விரைவாகப் படிக்கிறது என்பதே வேறுபாடு. பத்து இலட்சம் பெயர்கள் உள்ள அட்டவணையை நாம் நொடிக்கு ஒரு பெயர் வீதம், உண்ணாமலும் உறங்காமலும் பார்த்தால், முழுவதும் பார்த்து முடிக்க 11 நாள்களுக்கு மேல் ஆகும். அதே பெயர்கள் அகர வரிசையில் இருந்தால்? நடுவில் பிரித்துப் பார்த்து, நாம் தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று அறிந்து, மற்றப் பாதியைத் தள்ளிவிடலாம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், ஏறத்தாழ 20 தடவைகளில் பெயர் அகப்பட்டுவிடும்!

இதற்காகப் பெரிய ஏட்டைக் கலைத்து மீண்டும் எழுத வேண்டியதில்லை. பெயரும் அது உள்ள இடமும் மட்டும் கொண்ட சிறு பட்டியல் ஒன்றை அகர வரிசையில் தனியே வைத்தால் போதும். பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவு இத்தகையதே. கணிப்பொறித் துறையில் இதனை ‘இண்டெக்ஸ்’ என்பர். நாம் ‘அடைவு’ என்போம். போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பாயர், எட்வர்ட் மெக்ரைட் என்னும் இருவர் 1972இல் வெளியிட்ட ‘பி-மரம்’ என்ற அமைப்பும் அதன் வழிவந்தவையுமே இன்றும் பல தரவுத்தளங்களில் அடைவுக்கு அடிப்படையாக உள்ளன. ஒரு கிளையில் நூறு பிரிவுகள், அவை ஒவ்வொன்றிலும் நூறு பிரிவுகள், அவற்றிலும் நூறு நூறு என்றால், மூன்றே படிகளில் பத்து இலட்சம் பெயர்களை எட்டிவிடலாம். அடைவு முன்னரே வரிசையாக இருப்பதால், பெயர் வரிசையில் பட்டியல் கேட்கும்போதெல்லாம் புதிதாக அடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. முற்காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. அவை பெரும்பாலும் பொருள் வகையால் பிரிக்கப்பட்ட செய்யுள்கள். மனப்பாடம் செய்தவருக்கே கைகொடுக்கும். 1732இல் வீரமாமுனிவர் ‘சதுரகராதி’யை இயற்றினார். அதன் நான்கு பகுதிகளையும் உற்றுப் பாருங்கள். சொல்லுக்குப் பொருள் தேடுபவருக்குப் பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தேடுபவருக்குப் பொருளகராதி. தொகைச் சொற்களை அறிய விரும்புபவருக்குத் தொகையகராதி. செய்யுளுக்கு எதுகை தேடுபவருக்குத் தொடையகராதி. நால்வர் நான்கு விதமாகக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணி, நால்வருக்கும் வாசல் வைத்த பெருமை அவருடையது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடைவு செய்துவிடலாமே என்றால், அதுவும் சரியன்று. புதிய பெயர் ஒன்று ஏட்டில் ஏறும்போதெல்லாம் ஒவ்வோர் அடைவிலும் அதை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பத்து அடைவுகள் இருந்தால் பத்து வேலை. எனவே எவற்றுக்கு அடைவு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வைப் பதிவு செய்பவரின் வசதியைக் கொண்டு செய்யாமல், தேடி வருபவர் கேட்கும் கேள்வியைக் கொண்டு செய்ய வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

இதில் பெண்களாகிய நமக்குத் தனி அக்கறை உண்டு. பல பட்டியல்களில் தலைப்பெழுத்தே முன்னால் நிற்கிறது. ஏ. கமலாவும் எஸ். கமலாவும் வெவ்வேறு மூலைகளில் இருப்பார்கள். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தை ஒட்டி எழுதிவிட்டால், ‘கமலா’ என்று மட்டும் தேடும்போது அந்த அகர வரிசை உதவாது. கணிப்பொறி மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திருமணத்திற்குப் பின் பலருடைய தலைப்பெழுத்தும் மாறிவிடுகிறது. தந்தையின் எழுத்தில் பதிந்த பெண்ணைக் கணவரின் எழுத்தில் தேடினால் கிடைப்பாளா? “அப்படி ஒருவர் இங்கே படிக்கவில்லை” என்ற பதில் வந்தால், அவள் படித்த படிப்பு என்னாவது? தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயரை முதலாகவும் பிறந்த நாளை அடுத்ததாகவும் கொண்டு ஓர் அடைவு அமைத்தால் இந்தத் துன்பம் பெரிதும் நீங்கும்.

தமிழ்ப் பெயர்களை அடுக்குவதிலும் கவனம் தேவை. நம் நெடுங்கணக்கில் ‘ன’ மெய்யெழுத்து வரிசையின் கடைசியில் உள்ளது. ஆனால் கணிப்பொறிக்கான யூனிகோடு எண் வரிசையில் அது ‘ந’வுக்கு அடுத்தே வருகிறது. அந்த எண் வரிசைப்படியே அடுக்கினால், கமலாவுக்குப் பின் வர வேண்டிய கனகா முன்னே போய் நிற்பாள். அச்சிட்ட பட்டியலில் நம் முறைப்படி தேடுபவர் ஏமாறுவார். தமிழுக்குரிய வரிசை விதியைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

தோழியரே, தொடக்கம் நம் கையிலேயே உள்ளது. பள்ளி நூலகத்தில் உள்ள பழைய ஆண்டு மலர்களுக்கு நாம் ஓர் அடைவு தயாரிக்கலாம். எழுதிய மாணவியின் சொந்தப் பெயரால் ஒன்று, கட்டுரையின் பொருளால் ஒன்று என இரண்டு போதும். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் அனுமதித்தால் இவ்வாண்டே தொடங்குவோம். அலுவலகங்களில் பணியாற்றும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிய பதிவேடு ஒன்றைத் திறக்கும் முன், நாளை அதைத் தேடி வருபவர் என்ன சொல்லிக் கேட்பார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி