சும்மா விட்டால் காடு பிழைக்காது

கண்டியில் ஒரு மரத்தில் கோடரி விழுந்தால் பொழுது சாய்வதற்குள் முகநூல் கொதிக்கத் தொடங்கிவிடும். மரம் வெட்டுவது பாவம், காட்டைச் சும்மா விட்டால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விகாரையிலும் பள்ளிக்கூடத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே பேச்சு. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால் யாரும் இதை மறுப்பதில்லை. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலேயை இந்த நல்ல மனம்தான் மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது.

அரசர் காலத்தில் அது நந்தவனம். 1856இல் ஆங்கிலேயர் ஒதுக்குக் காடாக்கினார்கள்; 1938இல் சரணாலயமானது. ஏறக்குறைய 104 ஹெக்டேயர். சட்டத்தில் குறையில்லை. ஆனால் லேடி ஹோர்ட்டன் பாதையில் நடக்கிறவர்கள் கிளையில் கிளியைத் தேடுகிறார்களே தவிர, தரையைப் பார்ப்பதில்லை. நாளைய காடு தரையில்தான் இருக்கிறது. பல இடங்களில் அங்கே நாற்றங்காலைப் போல நெருக்கியடித்து நிற்பவை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பால்சம் மரத்தின் கன்றுகள். இறக்கை வைத்த விதை காற்றில் பறக்கும், கன்று நிழலைத் தாங்கும். பறவையின் தயவு அதற்குத் தேவையில்லை. மஹோகனியும் அப்படித்தான் பரவுகிறது. இன்று நிற்கும் நாட்டு மரங்கள் வயதாகிச் சாயும்போது அந்த இடத்தைப் பிடிக்கப்போவது எது என்று இனியும் கேட்க வேண்டுமா?

இன்னொன்று நம் வீட்டுச் சாளரத்தில் போத்தலில் நிற்கும் மணி பிளான்ட். அதன் பிறப்பிடம் டஹீட்டிக்கு அருகிலுள்ள மோரியா என்ற எரிமலைத் தீவு. உடவத்தகெலேயில் அது தரையை மூடி, மரத்தில் ஏறி, முறம் அளவுக்கு இலை விடுகிறது. அடியில் எந்த விதை முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காது. அந்தக் கொடி பூப்பதே அபூர்வம்; தண்டை ஒடித்துப் போட்டால்தான் பரவும். அப்படியானால் காட்டுக்குள் அதைக் கொண்டுபோனது காற்றுமில்லை, குருவியுமில்லை. யாரோ நட்டது, யாரோ தோட்டக் குப்பையோடு வீசியது. மனிதன் தொட்டுக் கெடுத்ததை மனிதன் தொடாமலே சரியாக்கலாம் என்பது என்ன நியாயம்?

மோரியாவின் அயல்தீவான டஹீட்டியில் இதே கதை வேறு செடியால் நடந்தது. 1937இல் அழகுக்காகக் கொண்டுவந்த மிக்கோனியா, சில பத்தாண்டுகளில் தீவின் மூன்றில் இரண்டு பங்கு வரை பரவிவிட்டது. எரிமலைச் சரிவில் தனித்து வளர்ந்த மரஞ்செடிகள் அதன் அகன்ற இலைகளின் இருட்டில் மடிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்கப் பச்சைதான்.

மண்சரிவு கண்ட மலை தானாக மூடிக்கொள்ளவில்லையா என்று கேட்பார்கள். மூடும், பக்கத்தில் நாட்டு மரங்களின் விதை இருந்தால். நக்கிள்ஸ் போன்ற பெருமலைத்தொடரில் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு இடமுண்டு. உடவத்தகெலேயைச் சுற்றி இருப்பதோ வீடும் வீதியும் ஹோட்டலும். குக்குறுவானும் மரநாயும் பழம் தின்று விதை கொண்டுவர வேண்டுமென்றால் அயலில் காடு வேண்டும். இங்கே அயலில் இருப்பது தோட்டம். தோட்டத்திலிருந்து என்ன வருமோ அதுதான் வரும்.

கைவைத்துக் காட்டை மீட்க முடியும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்துப் பைன் தோட்டத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் 1991 முதல் பைன் வரிசைகளை வெட்டித் திறந்து நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். திறந்த இடத்தில் கன்றுகள் உயர்ந்தன. பைனின் முழு நிழலில் தேங்கின. அங்கே கோடரி செய்தது பாவமா, புண்ணியமா? நம் ஹந்தானைச் சரிவிலும் பைன் நிற்கிறது, அதையும் காடு என்று சொல்லிப் படம் பிடித்துப் போடுகிறோம்.

எந்த மரத்தையும் கண்டபடி வெட்டச் சொல்லவில்லை. அந்நிய மரங்களை அடையாளமிட்டு, கட்டம் கட்டமாக அகற்றி, அந்த இடத்தில் நாட்டுக் கன்றை நட்டு, ஆண்டுதோறும் களையெடுக்க வேண்டும். அலுப்பான வேலை, விழா எடுக்க முடியாத வேலை. அதனால்தான் மரநடுகைக்கு வருகிற கமரா களையெடுப்புக்கு வருவதில்லை.

காட்டு அதிகாரி பால்சம் மரத்தை வெட்டுவதைக் கண்டால் உடனே தொலைபேசியைத் தூக்காதீர்கள். எந்த மரம் என்று கேளுங்கள். உங்கள் வீட்டு மணி பிளான்ட் கொடியைக் கத்தரித்தால், தயவுசெய்து அதைக் காட்டு வேலிக்கு அப்பால் எறியாதீர்கள்.